'இருவர்': நடிப்பின் நிறைவும் கதையின் தளர்வும்

முன்னுரை

நாடகமாயினும் திரைப்படமாயினும் காண்போர் உள்ளத்தை ஈர்ப்பது நடிப்பு. ஈர்க்கப்பட்ட உள்ளத்தைச் சிந்திக்க வைப்பது கதை. நடிப்பு சிறந்து கதை தளர்ந்துவிட்டால் காண்போர் நெகிழ்வர். ஆயின் எதன்பொருட்டு நெகிழ்ந்தோம் என்பதை அவர்களால் எடுத்துரைக்க இயலாது. குடும்பக் கதைகளில் இக்குறை ஓரளவு மறைந்துவிடும். அரசியல் கதையில் அது மறைவதில்லை. ஏனெனில் அரசியல் என்பதே 'ஏன்', 'எதற்கு', 'யார் பொருட்டு' என்னும் வினாக்களால் ஆனது.

1997ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பொங்கல் திருநாளில் வெளிவந்த 'இருவர்' என்னும் திரைப்படத்தை இந்நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மணிரத்னம் இயக்கிய இப்படத்தில் மோகன்லாலும் பிரகாஷ்ராஜும் தலைமை மாந்தராக நடித்தனர். வெளிவந்த காலத்தில் இப்படம் எதிர்பார்த்த வணிக வெற்றியைப் பெறவில்லை. பின்னாளில் திறனாய்வாளர் பலர் இதனைத் தமிழின் தலைசிறந்த படங்களுள் ஒன்றாகப் போற்றினர். பொதுமக்கள் விலகி நின்றமைக்கும் கலைஞர்கள் வியந்து நின்றமைக்கும் காரணம் படத்திற்குள்ளேயே இருக்கிறது என்பதே நம் கருத்து.

பல்லாவரமும் அரசியல் நாடகமும்

இத்தகைய ஆய்வுக்குப் பல்லாவரம் பொருத்தமான களமாகும். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரை இங்குள்ள குன்றில் இருக்கிறது. அம்மன்னனின் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்ட அக்குடைவரை இன்று தர்காவாக விளங்குகிறது. அம்மன்னன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி அங்கத நாடகத்தை இயற்றியவன். காஞ்சி நகரில் நிகழும் அந்நாடகத்தில், செல்வமுடையோர் கையூட்டால் நீதிமன்றத்தாரின் வாயை அடைத்துவிடக்கூடும் என்று ஒரு பாத்திரம் அஞ்சிப் பேசுகிறது. தன் தலைநகரின் நீதிமன்றத்தைப் பற்றித் தானே இவ்வாறு எழுதிய அரசன் நம் ஊர்க் குன்றில் தன் பெயரைப் பொறித்துச் சென்றான் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் மறைமலையடிகள் பல்லாவரத்தில் வாழ்ந்து, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் காளிதாசரின் நாடகத்தைத் தமிழாக்கியதோடு நில்லாது, 'சாகுந்தல நாடக ஆராய்ச்சி' என்னும் திறனாய்வு நூலையும் எழுதினார். நாடகத்தைச் சுவைத்தால் மட்டும் போதாது, ஆராயவும் வேண்டும் என்பதற்கு அந்நூல் ஒரு வழிகாட்டி.

'இருவர்' படத்தின் கதைக்கு மூலமாகக் கருதப்படும் வரலாறும் நமக்கு அண்மையில் நிகழ்ந்ததே. எம்.ஜி.ஆர். 1967, 1971 ஆகிய இரு தேர்தல்களிலும் வென்ற தொகுதி நம்மை அடுத்துள்ள பரங்கிமலை. 1967 ஜனவரி 12ஆம் நாள் அவர் சுடப்பட்ட இல்லம் இராமாவரத்தில் உள்ளது. அவர் மருத்துவமனையில் இருக்க, கழுத்தில் கட்டுடன் கூடிய அவரது புகைப்படம் சுவரொட்டியாகத் தெருத்தெருவாக ஒட்டப்பட்டது, அவர் வென்றார். 1972 அக்டோபரில் அவர் கட்சிக் கணக்குப் பற்றி வினா எழுப்பிய பொதுக்கூட்டம் நடைபெற்ற திருக்கழுக்குன்றமும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊரே. இவ்வட்டாரத்து முதியோர் பலர் அக்காலத்தைக் கண்ணாற் கண்டவர்கள். அவர்கள் நினைவில் இருப்பதற்கும் திரையில் உள்ளதற்கும் இடையே உள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள் எனலாம்.

மெய்ப்பாடும் நிலைக்களனும்

நடிப்பை அளக்கத் தமிழில் பழமையான அளவுகோல் ஒன்று உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறினார். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. இதுவரை நாம் அனைவரும் அறிந்ததே. ஆயின் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. ஒவ்வொரு மெய்ப்பாட்டிற்கும் நான்கு நிலைக்களன்களை, அதாவது அவ்வுணர்வு பிறக்கும் காரணங்களை வகுத்துரைத்தார். அழுகை இழிவாலும் இழப்பாலும் நிலைதளர்வாலும் வறுமையாலும் பிறக்கும். பெருமிதம் கல்வியாலும் அஞ்சாமையாலும் புகழாலும் கொடையாலும் பிறக்கும். ஆக எட்டு மெய்ப்பாடுகளுக்கு முப்பத்திரண்டு நிலைக்களன்கள். உணர்வைச் சொல்லுமிடத்திலேயே அதன் காரணத்தையும் சேர்த்துச் சொன்ன நுட்பம் ஈண்டு நோக்கத்தக்கது.

மேலை நாட்டில் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில், துன்பியல் நாடகத்தின் உயிர் கதைப்பின்னலே என்றும், பாத்திரப் பண்பு அதற்கு அடுத்ததே என்றும் கருதினார். இருபதாம் நூற்றாண்டில் ஈ.எம். ஃபார்ஸ்டர் கதைக்கும் கதைப்பின்னலுக்கும் வேறுபாடு கண்டார். நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் சொல்வது கதை. அவற்றைக் காரண காரியத்தால் இணைப்பது கதைப்பின்னல். முன்னது 'பிறகு என்ன' என்று கேட்க வைக்கும். பின்னது 'ஏன்' என்று கேட்க வைக்கும்.

இவற்றைத் தொகுத்து நோக்கின், மெய்ப்பாட்டைத் தருவது நடிகரின் கடமை. நிலைக்களனைத் தருவது கதையாசிரியரின் கடமை என்பது புலனாகும். இவ்விரண்டனுள் ஒன்று குறைந்தால் மற்றொன்று அக்குறையை முழுதும் நிரப்ப இயலாது.

நடிப்பின் வெற்றி

'இருவர்' படத்தில் ஆனந்தன் என்னும் நடிகனாக மோகன்லாலும், தமிழ்ச்செல்வன் என்னும் எழுத்தாளனாகப் பிரகாஷ்ராஜும் தோன்றுகின்றனர். ஒருவர் வாய்ப்புத் தேடிப் படப்பிடிப்பு நிலையங்களின் வாயிலில் நிற்பவர். மற்றவர் தம் எழுத்தால் உலகை மாற்றலாம் என்று நம்புபவர். நண்பராகத் தொடங்கும் இருவரும் ஒரே கட்சியில் வளர்ந்து, பிரிந்து, எதிர் எதிராக நின்று ஆட்சி செய்கின்றனர்.

மோகன்லாலின் நடிப்பில் முதன்மையாகப் பாராட்டத்தக்கது, அவர் எவரையும் போலச் செய்து காட்டவில்லை என்பதாகும். தமிழ் மக்கள் நன்கறிந்த ஒரு தலைவரை நினைவூட்டும் பாத்திரத்தை ஏற்று, அத்தலைவரின் கையசைவையும் குரலையும் நகல் எடுக்காமல் நடிப்பது எளிதன்று. வாய்ப்பு வேண்டி நிற்கும் இளைஞனின் கூச்சம், புகழ் வந்தபின் உடலில் படியும் உறுதி, முதுமையில் கண்களில் தங்கும் சோர்வு ஆகியவற்றை அவர் படிப்படியாகக் காட்டுகிறார். சொல்லாமல் விட்டவற்றை அவர் முகம் சொல்கிறது.

பிரகாஷ்ராஜின் பணி இதனினும் கடினமானது. தமிழ்ச்செல்வன் சொல்லால் வாழும் மனிதன். மேடைத் தமிழின் ஏற்ற இறக்கத்தைக் கேலிக்கூத்தாக்காமல், அதற்குரிய கம்பீரத்துடன் பேசிக் காட்டுவதற்கு மொழியுணர்வு வேண்டும். கன்னட நாடக மேடையிலிருந்து வந்த ஒரு கலைஞர் இதனைச் செய்தார் என்பது வியப்பிற்குரியது. அவருக்கு இப்படத்தின் பொருட்டுச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது.

கட்சியின் மூத்த தலைவர் வேலுத்தம்பியாக வரும் நாசர் குறைந்த சொற்களால் ஒரு தலைமுறையின் கண்ணியத்தை நிறுவுகிறார். ரேவதி, கௌதமி, தபு ஆகியோர் தமக்குக் கிடைத்த சிறிய இடத்திலும் நினைவில் நிற்கின்றனர். ஐஸ்வர்யா ராய்க்கு இதுவே முதற்படம்; புஷ்பவல்லி, கல்பனா என இரு வேடங்களை அவர் ஏற்றார்.

இந்நடிப்புக்குத் துணை நின்றது ஒளிப்பதிவு. சந்தோஷ் சிவன் பல காட்சிகளை இடையில் வெட்டாமல் நீண்ட ஒரே வீச்சில் படமாக்கினார். இத்தகைய காட்சியில் நடிகர் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஓர் உணர்விலிருந்து மற்றோர் உணர்வுக்கு அவர் நம் கண்ணெதிரே நடந்து செல்ல வேண்டும். ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது கிடைத்தது முற்றிலும் பொருத்தமே. ஏ.ஆர். ரகுமானின் இசை ஐம்பதுகளின் சாயலையும் பின்வந்த காலங்களின் சாயலையும் உணர்ந்து மாறுகிறது.

கதையின் தளர்வு

இத்தனை சிறப்பிருந்தும் படம் முடிந்தபின் ஒரு வெறுமை எஞ்சுகிறது. அதற்குரிய காரணங்களை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, கதையின் பெருந்திருப்பங்கள் பலவும் தற்செயலால் நிகழ்கின்றன. ஆனந்தனின் முதல் மனைவி புஷ்பவல்லி நோயால் இறக்கிறாள். அவளைப் போலவே தோற்றமுடைய கல்பனா பின்னர் நடிகையாக வந்து சேர்கிறாள். தேர்தல் நெருங்கும் வேளையில் படப்பிடிப்பில் நேரும் விபத்தில் ஆனந்தன் குண்டடி படுகிறான். கல்பனா ஊர்தி விபத்தில் மடிகிறாள். ஒன்றிரண்டு தற்செயல்களை எக்கதையும் தாங்கும். ஆனால் அரசியல் கதையின் மூட்டுகள் அனைத்தும் தற்செயலாயின், மாந்தர் தம் செயலின் விளைவை ஏற்கும் வாய்ப்பை இழக்கின்றனர். 1967இல் உண்மையில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டின் பின்னணியில் மனித உறவும் பகையும் இருந்தன, எம்.ஆர். ராதா நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். திரைக்கதை அதனை விபத்தாக்கியபோது, வினையைக் கைவிட்டு ஊழை மட்டும் வைத்துக்கொண்டது.

இரண்டாவது, பிரிவுக்குரிய காரணம் சுருங்கிவிட்டது. ஆனந்தனுக்கு அமைச்சர் பதவி மறுக்கப்படுகிறது; பின்னர் அவன் கட்சியில் கணக்குக் கேட்கிறான்; விலக்கப்படுகிறான்; புதுக்கட்சி காண்கிறான். இவை நிகழ்ச்சிகளாக வரிசைப்படுகின்றன. இவற்றுள் எது மனத்தாங்கல், எது கொள்கை, எது அச்சம் என்பதைக் கதை பிரித்துக் காட்டவில்லை. அக்கட்சி எக்கொள்கைக்காகப் பிறந்தது, ஆட்சிக்கு வந்தபின் அக்கொள்கை என்னவாயிற்று என்பதும் வளர்த்தெடுக்கப்படவில்லை. போராட்டங்களும் சிறையும் வந்து போகின்றன. அவற்றால் யார் எதைப் பெற்றனர் என்பது தெரிவதில்லை. எனவே ஒரு மாநிலத்தின் தலைவிதியைத் தீர்மானித்த பிளவு, இரு நண்பரின் ஊடலாகக் குறைந்துவிடுகிறது.

மூன்றாவது குறையே மிகப் பெரியது: கதையில் மக்கள் இல்லை. கடலெனத் திரளும் கூட்டம் உண்டு. அது முழங்குகிறது, அழுகிறது, கையசைக்கிறது. அக்கூட்டத்திலிருந்து ஒரு நெசவாளியோ, ஒரு கூலித் தொழிலாளியோ, தேர்தல் நாளில் வரிசையில் நின்ற ஒரு தாயோ வெளியே வந்து நம்மிடம் பேசுவதில்லை. இருவரின் ஆட்சியால் அவர்தம் வாழ்வு உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று நாம் அறிய வழியில்லை.

வரலாறு தந்த நிலைக்களன்கள்

நிலைக்களனுக்கு வரலாற்றில் பஞ்சமிருந்ததா? இல்லை. எம்.ஜி.ஆர். கதைத்தலைவராக நடித்த முதற்படமான 'ராஜகுமாரி' (1947) உருவானபோதே மு. கருணாநிதி அதன் எழுத்துப் பணியில் பங்கு கொண்டார். 'மந்திரி குமாரி' (1950) படத்தில் ஒருவரின் உரையாடலும் மற்றவரின் தோற்றமும் இணைந்து வென்றன. அக்காலத்தில் திரைப்படத்திற்கு உரையாடல் எழுதியவரின் பெயரே மக்களை அரங்கிற்கு அழைத்தது. 'பராசக்தி' (1952) அதன் உச்சம். பின்னர்ச் சொல்லின் செல்வாக்கு மெல்ல மெல்ல முகத்திற்கு மாறியது. எழுதியவர் ஒருவர், பேசியவர் ஒருவர் எனின், கேட்ட மக்களின் அன்பு யாருக்கு உரியது? இதுவே இருவர்க்கிடையே கிடந்த உண்மையான வினா. எழுத்தாளன் எழுதியதை நடிகன் பேசிக் காட்டும் காட்சியில் இவ்வினாவின் வித்து படத்திலேயே இருக்கிறது. அதற்கு நீர் ஊற்றப்படவில்லை என்பதே நம் வருத்தம்.

மேலும் 1965இன் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி, 1967இன் அரிசி வாக்குறுதி, 1969 பிப்ரவரியில் அறிஞர் அண்ணாவின் மறைவு, 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டமை, 1972 அக்டோபர் 17இல் புதிய கட்சியின் தோற்றம், 1973இல் திண்டுக்கல் இடைத்தேர்தல், 1977இல் ஆட்சி மாற்றம், 1982இல் சத்துணவுத் திட்டம் என ஒவ்வொன்றும் பெருமிதத்திற்கோ வெகுளிக்கோ அழுகைக்கோ நிலைக்களனாகத் தக்கது. இவை அனைத்தையும் ஒரு படத்தில் அடக்க இயலாது. ஒன்றிரண்டையேனும் ஊன்றி நின்று காட்டியிருப்பின் நடிப்பு நிலத்தில் கால் பதித்திருக்கும்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

'வாழும் தலைவரைப் பற்றி எவ்வாறு வெளிப்படையாகப் படம் எடுப்பது?' என்று கேட்கலாம். நியாயமான வினாவே. படம் வெளிவந்தபோது கலைஞர் மு. கருணாநிதி தமிழகத்தின் முதலமைச்சராக இருந்தார். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24இல் மறைந்து பத்தாண்டுகூட நிறைவுறவில்லை. தணிக்கையும் தொண்டர் உணர்வும் படைப்பாளியின் கையைக் கட்டியிருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் உண்மைப் பெயரைத் தவிர்க்கக் கட்டாயம் உண்டேயன்றிக் காரணத்தைத் தவிர்க்கக் கட்டாயம் இல்லை. புனைவுக்குள்ளேயே காரணத்தைப் படைக்கலாம். காளிதாசர் இதனையே செய்தார். மாபாரதத்தில் துஷ்யந்தன் சகுந்தலையை அறிந்தே மறுக்கிறான். காளிதாசர் துர்வாசரின் சாபத்தையும் மோதிரத்தையும் கதையில் சேர்த்து, மன்னனின் மறதிக்குக் காரணம் படைத்தார்; அதனால் பின்வரும் அவன் கண்ணீர் நம் கண்ணீராயிற்று.

சிலப்பதிகாரம் இதற்கு இன்னும் அணுக்கமான சான்று. கண்ணகி பாண்டியன் அவையில் நிற்கும் காட்சியைப் போன்ற மெய்ப்பாடு நிறைந்த காட்சி தமிழில் அரிது. அக்காட்சி நம்மை உலுக்குவது கண்ணகியின் தலைவிரி கோலத்தால் மட்டுமன்று. பொற்கொல்லனின் களவு, அரசி கோப்பெருந்தேவியின் ஊடல், அரசனின் விரைவு, ஆராயாமல் இட்ட கட்டளை என ஒவ்வொரு கண்ணியையும் இளங்கோவடிகள் முன்னரே கோத்து வைத்தார். ஆகவே அரசன் வீழும்போது ஊழும் தெரிகிறது, அவன் பிழையும் தெரிகிறது.

தமிழ்த் திரையிலும் சான்று உண்டு. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவிக் கே. பாலசந்தர் இயக்கிய 'தண்ணீர் தண்ணீர்' (1981) அத்திப்பட்டி என்னும் புனைவூரின் கதை. குடிநீரின்றித் தவிக்கும் மக்கள் தேர்தலைப் புறக்கணிக்கின்றனர், தாமே கால்வாய் வெட்ட முனைகின்றனர், தடுக்கப்படுகின்றனர். அதில் சரிதாவின் நடிப்பு போற்றப்பட்டது. அவர் கண்களில் தெரியும் வெகுளிக்கு ஒரு குடம் நீர் நிலைக்களனாக இருக்கிறது. எந்தத் தலைவரின் பெயரையும் சொல்லாமலே ஆட்சிமுறையை அது வினவியது. சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

இக்குறை ஒரு படத்துடன் முடிந்ததன்று. ஏ.எல். விஜய் இயக்கி 2021 செப்டம்பரில் வெளிவந்த 'தலைவி' படத்திலும் எம்.ஜி.ஆரை நினைவூட்டும் வேடத்தில் அரவிந்த்சாமியின் நடிப்பு பரவலாகப் பாராட்டப்பட்டது. அங்கும் அரசியல் பெரும்பாலும் தனிமனித அன்பும் அவமதிப்புமாகவே உருப்பெற்றது. இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தும் அதே இடத்தில் அதே பள்ளம் இருப்பது சிந்திக்கத்தக்கது.

மாணவர் கருத்திற்கு

இக்குறையை நாம் பெரிதுபடுத்துவது ஏன்? இன்றைய மாணவர் பலருக்கு அக்கால அரசியல் முதன்முதலாக அறிமுகமாவது நூலால் அன்று, திரையால். நடிப்பு எவ்வளவு சிறக்கிறதோ அவ்வளவுக்குத் திரையில் கண்டதே வரலாறு என மனத்தில் பதியும். முகம் நினைவில் நிற்கும். காரணம் நினைவில் நில்லாது. பரங்கிமலையில் 1967ஆம் ஆண்டு ஒட்டப்பட்ட புகைப்படத்தைக் கண்டு வாக்களித்தோர் பலர் அன்பால் வாக்களித்தனர். அவ்வன்பை நாம் இகழ்தல் ஆகாது. ஆயினும் அன்பு வினாவைத் தடுத்துவிடக் கூடாது என்பதைக் கற்பிக்கும் பொறுப்பு கலைக்கு உண்டு. முகத்தின் ஆற்றலை ஆராய வந்த படம், தானும் முகத்தின் ஆற்றலையே நம்பி நின்றுவிட்டது என்பதுதான் 'இருவர்' படத்தின் துன்பியல்.

எனவே அரசியல் படமொன்றைக் காணும் மாணவர் நான்கு வினாக்களை உடன் கொண்டு செல்வது நலம். இம்மாந்தரின் உணர்வுக்குக் கதை காட்டும் காரணம் யாது? திருப்பங்கள் அவர்தம் செயலால் நிகழ்கின்றனவா, தற்செயலால் நிகழ்கின்றனவா? மக்கள் பேசுகின்றனரா, முழங்க மட்டும் செய்கின்றனரா? நடிகர்களை நீக்கிவிட்டுக் கதையை ஒரு பக்கத்தில் எழுதினால் அது தானே நிற்குமா? இவ்வினாக்களை மேடைப் பேச்சுக்கும் தேர்தல் அறிக்கைக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பதை மாணவர் விரைவில் கண்டுகொள்வர்.

முடிவுரை

'இருவர்' படத்தில் மெய்ப்பாடு நிறைந்துள்ளது, நிலைக்களன் குறைந்துள்ளது. மோகன்லாலும் பிரகாஷ்ராஜும் தம் கடமையை முழுமையாக ஆற்றினர். இறுதியில் திருமண வீடொன்றில் இருவரும் சந்தித்துப் புன்னகை பரிமாறும் காட்சியும், நண்பனின் மறைவுக்குப்பின் தமிழ்ச்செல்வன் தனித்து நின்று புலம்பும் காட்சியும் தமிழ்த் திரை உள்ளளவும் நினைக்கப்படும். அந்நடிப்பைப் போற்றுவோம். அதற்கு இணையான கதையை எழுதும் கடமை இன்னும் நிறைவேறாமல் இருக்கிறது.

தன் நீதிமன்றத்தையே நகையாடி நாடகம் எழுதிய மன்னன் குடைவித்த குன்றும், நாடகத்தைச் சொல் சொல்லாக ஆராய்ந்த அடிகள் வாழ்ந்த தெருவும் உள்ள பல்லாவரத்தில் பயிலும் மாணவர் அக்கடமைக்கு உரியவர்கள். தாம் கண்ட அரசியலை, தம் தெருவின் மக்களோடும் காரணத்தோடும் எழுத அவர்கள் முன்வருவார்களாயின், நல்ல நடிகர்களுக்கு நல்ல கதை கிடைக்கும். நல்ல வாக்காளர்களும் நமக்குக் கிடைப்பர்.